உஷார்! தொப்பூர் இறக்கத்தில் பழைய சைக்கிளை விடாதீர்கள்

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் விற்கிற விலைக்கு இனி சைக்கிளிலேயே வேலைக்குப் போய்விடலாம் என்று மாட்டுக்கொட்டகையில் கிடந்த வண்டியைத் துடைத்து வெளியே எடுத்திருக்கும் நல்லம்பள்ளிக்காரர்களே, உங்கள் வேலை தொப்பூர்ப் பக்கம் என்றால் அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். பஸ்ஸில் போங்கள். வேலை தருமபுரிப் பக்கம் என்றால் போகலாம். ஆனால் நாளைக் காலையே கிளம்பிவிடாதீர்கள்.

தொப்பூர்க் கணவாயைப் பற்றி இந்தத் தாலுகாவில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தருமபுரி மேட்டு நிலத்திலிருந்து சேலத்துச் சமவெளிக்கு இறங்கும் சாலை அது. வடக்கேயிருந்து பாரம் ஏற்றி வரும் லாரிகளில் சில, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகின்றன. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அத்தனை பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். மிதித்து மிதித்து டிரம் கொதித்துப் போனால், அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. 2020 டிசம்பர் 12 அன்று சிமென்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று, முன்னால் வரிசையாக நின்றிருந்த பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள்மேல் ஏறியதில் 4 பேர் செத்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று அதே கணவாயில், பாலத்தின்மேல் லாரிகளும் கார்களும் மோதிக்கொண்டதில் ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது, வண்டிகள் தீப்பிடித்தன. அன்றும் 4 உயிர். அந்த வீடியோவைச் செல்போனில் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. நாலு பக்கமும் இரும்புக் கூடு உள்ள காருக்கே அந்தக் கதி.

‘நாங்கெல்லாம் சின்ன வயசுல தொப்பூர் வரைக்கும் மிதிச்சவங்கதான்’ என்று டீக்கடையில் யாராவது சொல்வார். மிதித்திருப்பார், மறுக்கவில்லை. அப்போது அது ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை. போக வர ஒரே தார், லாரிகளும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் போகும். இன்று அது காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை போகிற 44-ஆம் நம்பர் நான்குவழிச் சாலை. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரே விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடும். பின்னால் என்ன சத்தம் என்று நீங்கள் கழுத்தைத் திருப்புவதற்குள் அது வந்து சேர்ந்திருக்கும். நாடு முழுக்க 2022-இல் மட்டும் சாலை விபத்துகளில் செத்த சைக்கிள்காரர்கள் 4,800 பேருக்கும் மேல்.

லாரியை விடுங்கள். உங்கள் வண்டி நிற்குமா?

நம் ஊரில் பழைய சைக்கிள் என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. அப்பா காலத்து அட்லஸோ ஹெர்குலிஸோ. இல்லாவிட்டால் பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். 2005-06-இல் அரசுப் பள்ளிப் பையன்களுக்கும் அது கிடைக்கத் தொடங்கியபோது முதலில் வாங்கியவர்களுக்கு இப்போது முப்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். தொப்பை விழுந்து, சர்க்கரை எட்டிப் பார்க்கும் வயது. டாக்டர் ‘நடங்க, சைக்கிள் ஓட்டுங்க’ என்கிறார். கொட்டகையில் வண்டி சாய்ந்து நிற்கிறது. காற்றடித்தால் போதும் என்று தோன்றத்தான் செய்யும்.

ஒரு சைக்கிள் கடையில் நின்றுகொண்டிருந்தபோது அப்படி ஒருவர் வந்தார்.

“எத்தன வருசமாண்ணா கெடக்குது?” என்றார் கடைக்காரர்.

“பத்து, பன்னண்டு வருசம் இருக்கும்ப்பா. நேத்து காத்தடிச்சேன், அப்படியே நிக்குது. செயினுக்கு மட்டும் எண்ணெய் விட்டுக் குடு.”

கடைக்காரர் பதில் சொல்லாமல் காற்றை இறக்கினார். டயரின் பக்கவாட்டை இரண்டு விரலால் மடித்துப் பிடித்தார். கறுப்பு ரப்பர் வாய் பிளந்தது. உள்ளே நூல் தெரிந்தது. “காத்து டியூப்ல நிக்குது. டயர் எங்கண்ணா நிக்குது?” என்றவர், பிரேக் கட்டையில் நகத்தை அழுத்தினார். நகம் பதியவில்லை, வழுக்கியது. ஓடாமலே கிடந்த ரப்பர் காய்ந்து இறுகிவிட்டது. ரிம்மைத் தொடும், ஆனால் பிடிக்காது.

பிரேக் கட்டை ஜோடியாக வாங்கினால் டீச் செலவுக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அவ்வளவுதான். அதை மாற்றாமல் கிளம்புகிறவர்களை என்னவென்று சொல்வது! மாற்றினாலும் ஒன்றை மறக்கக்கூடாது. பழைய வண்டிகளில் இருப்பது இரும்பு ரிம். நனைந்துவிட்டால் அதன் பிடிப்பு பாதிகூட இருக்காது. மழையில் வழக்கமாகப் பிரேக் பிடிக்கும் இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்து, ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். இறக்கத்தில் 20 கிலோமீட்டர் வேகம் 40 ஆனால், நிற்க வேண்டிய தூரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. வண்டியை ஓடவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் மதுரைவீரன் வேலை.

பிரேக்கைப் பார்க்கிறவர்கள்கூடப் பார்க்காமல் விடுவது ப்ரீவீல். உள்ளே பழைய கிரீஸ் பிசின் மாதிரி இறுகியிருந்தால், அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன நாக்குகள் சரியாக விழாது. சமதரையில் தெரியாது. மேட்டில் சீட்டைவிட்டு எழுந்து மிதிக்கும்போது பெடல் ‘சடக்’கென்று வெறுமனே சுற்றும், நெஞ்சு ஹேண்டில்பாரில் போய் இடிக்கும். அதே மாதிரி, ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்... டக்...’ என்று கேட்டால் காட்டர்பின் தளர்ந்திருக்கிறது. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகிப் பாருங்கள். சக்கரம் அசையாமல் ஹேண்டில் மட்டும் திரும்பினால், அந்த வண்டியில் தெருமுனைவரைகூடப் போகாதீர்கள். ஃபோர்க் மேலே சேரும் இடத்தில் பெயின்ட்டில் மயிரிழைபோல ஒரு துருக்கோடு தெரிந்தால், வெல்டிங் வைத்துச் சமாளிக்க நினைக்காமல் ஃபோர்க்கையே மாற்றுங்கள். இதையெல்லாம் தனித்தனியாகக் கேட்கவே வேண்டாம். கடையில் வண்டியை விட்டு, ‘ஓவராயில் பண்ணிக் குடுங்க’ என்று சொன்னால் போதும். பால்ஸ், கோன், கிரீஸ் எல்லாம் அதில் வந்துவிடும்.

இனி பாதை. நல்லம்பள்ளியிலிருந்து அதியமான்கோட்டை வழியாகத் தருமபுரி போகிறவர்கள், சர்வீஸ் ரோடு இருக்கும்வரை அதைவிட்டு இறங்காதீர்கள். சுற்று அதிகம் என்று எதிர்த் திசையில் வருகிறவர்களை தினமும் பார்க்கிறேன். பைக்காரன் செய்தாலே தப்பு. சைக்கிளில் அது தற்கொலை. மெயின் ரோட்டுக்கு ஏறும் இடத்தில் இறங்கி நின்று பார்த்துவிட்டு ஏறினால் மானம் ஒன்றும் போய்விடாது.

மார்கழிப் பனியில் காலை ஆறு மணிக்கு இந்தப் பக்கம் பத்தடி முன்னால் ஆள் தெரியாது. பழைய டைனமோ லைட்டை நம்பாதீர்கள். வண்டி நின்றால் அதுவும் அணைந்துவிடும், அதாவது நீங்கள் சாலை நடுவில் நிற்கும் நேரத்தில்தான் இருட்டாகும். பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று பின்னால் கட்டாயம் வேண்டும். மட்கார்டில் மூன்று விரல் அகலத்துக்கு சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். புது சைக்கிள்களில் ரிஃப்ளெக்டர் கட்டாயமாகிவிட்டது, உங்கள் பழைய வண்டியில் அது உடைந்து வருஷக்கணக்காகியிருக்கும். ஹெல்மெட் போடச் சட்டம் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், போடுங்கள்.

உடம்பு விஷயத்தில் மூன்றே சங்கதி. தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது என்பதும் தெரிந்த கதை. அதற்கு முன்பு பல வருஷம் போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களில் மூட்டு இறுகியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சீட்டைத் தாழ்வாக வைத்து மிதித்தால் முட்டி போய்விடும். பெடல் அடியில் இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும். அந்த உயரத்துக்குச் சீட்டை ஏற்றுங்கள். இன்னொன்று, இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் மிதித்தால் பாதி வழியில் சர்க்கரை இறங்கி, கண் இருட்டும். டாக்டரிடம் ‘சைக்கிளில் வேலைக்குப் போகப்போகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாக்கெட்டில் நாலு சாக்லேட் இருக்கட்டும். நெஞ்சு அடைப்போ மூச்சிரைப்போ ஏற்கெனவே இருந்தால் பரிசோதனை முடியும்வரை வண்டி கொட்டகையிலேயே நிற்கட்டும்.

வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டிய ஒன்று: தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும், ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, பணத்துக்கு யாரிடம் கேட்பது என்று நிற்காதீர்கள். அடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் மத்திய அரசுத் திட்டத்தில் இழப்பீடு உண்டு: உயிர் போனால் 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம். போலீசில் எஃப்.ஐ.ஆர். போடாமல் அது நகராது.

வண்டி தயாராகிவிட்டதென்றால் முதல் ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலைக்குப் போகும் அதே பாதையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திருப்பத்தில் பஸ் ஒதுங்கும், எங்கே மண் சரிந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவசரமில்லாத நாளில்தான் கண்ணில் படும். செவ்வாய்க்கிழமை மட்டும் சைக்கிளை எடுக்காதீர்கள். அன்றைக்குச் சந்தை. ஆடு ஏற்றிய குட்டியானைகள் எந்தச் சந்திலிருந்து எப்போது பின்னால் வரும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது.