கிறித்தவச் செபத்தமிழில் மூவிடப்பெயர்கள்

தமிழ்க் கிறித்தவர் இல்லங்களில் உணவுக்கு முன்பும் உறங்கச் செல்லுமுன்பும் செய்யப்பெறும் செபம், மூவிடப்பெயர் வழக்கை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

செபத்தை நடத்துபவர் கூடியிருப்போரை 'நாம் செபிப்போம்' என அழைக்கிறார். இங்கு 'நாம்' கேட்போரை உளப்படுத்துகிறது. அடுத்த தொடரிலேயே கேட்பவர் இறைவன் ஆகிவிடுவதால் 'நாங்கள்', 'எங்களை' என உளப்படுத்தாத் தன்மைப் பன்மை வருகிறது. 'நம் பாவங்களை மன்னியும்' எனின், மன்னிப்பவரும் பாவிகளுள் ஒருவராகிவிடுவார். ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்லே உண்டு. எனவே மொழிபெயர்ப்பாளர், கேட்பவர் யார் என்பதை ஒவ்வோரிடத்திலும் துணிந்த பின்னரே உரிய சொல்லைத் தெரிந்தெடுக்க இயலும்.

முன்னிலையிலும் ஒரு தனி வழக்கு உண்டு. பேச்சில் பெரியோரை 'நீங்கள்' என்போர், செபத்தில் இறைவனை 'நீர்' என்றே விளிக்கின்றனர். ஏவல்வினையும் 'தாரும்', 'காத்தருளும்' என 'உம்' ஈறு பெறுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், ஆண்டவர் கற்பித்த செபத்தில் பழைய 'பிதா'வை விடுத்துத் 'தந்தை' என்பதை ஏற்றது; 'உமது' என்பதையோ விடவில்லை. பொதுப் பேச்சில் பெரிதும் அருகிவிட்ட 'நீர்', செபத்திற்கே உரிய மரியாதை வடிவமாக நிலைபெற்றுவிட்டது. அதனை 'நீங்கள்' என மாற்றுவது இலக்கண வழுவன்று. ஆயினும் நாள்தோறும் செபிப்பவருக்கு அத்தொடர் செபமாகத் தோன்றாது.