கழக்கூட்டம் நீர்வழியும் உல்லாசப் படகுப் பயணமும்

திருவனந்தபுரத்திற்கு வடக்கே, கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது கழக்கூட்டம். 1990இல் நிறுவப்பெற்ற டெக்னோபார்க்கைக் கொண்டே இவ்வூரை இன்று பலரும் அறிவர். ஆயினும் ஊருக்கு மேற்கே, கடற்கரைக்கு ஏறத்தாழ இணையாக, நெடுஞ்சாலையினும் பழைமையான மற்றொரு பாதை செல்கிறது. பார்வதி புத்தனார் என்னும் கால்வாயே அது. திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பை 1815 முதல் 1829 வரை வகித்த ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில் வெட்டப்பட்டு, அவர் பெயரையே தாங்கி நிற்கும் இக்கால்வாய், வள்ளக்கடவையும் வேளிக் காயலையும் கடினங்குளம் காயலுடன் இணைக்கிறது. அரிசியும் உப்பும் கொப்பரையும் ஒரு காலத்தில் இவ்வழியே வள்ளங்களில் தலைநகரை அடைந்தன.

கோவளத்திலிருந்து வட கோடியிலுள்ள பேக்கல் வரை 616 கிலோமீட்டர் நீளமுள்ள மேற்குக் கடற்கரை நீர்வழியைச் சீரமைக்கும் பணியைக் கேரள அரசு மேற்கொண்டுள்ளது. இதற்கென 2017இல் தனி நிறுவனம் ஒன்றும் அமைக்கப்பட்டது. சரக்குப் போக்குவரத்துடன் சுற்றுலாவும் இத்திட்டத்தின் குறிக்கோள்களுள் ஒன்றாகும். எனவே ஒரு கேள்வி எழுகிறது. தூர்வாரிய கால்வாயில் படகு வந்து நின்றால், அதில் ஏறுவோர் யார்? நன்கு தெரிந்த கடலோரப் பாதை என்பதற்காக அவர்கள் வருவார்களா? அல்லது ஒரு குறிப்பிட்ட கருத்தை மையமாகக் கொண்டு பயணம் அமைத்தால்தான் வருவார்களா? முதலீடு செய்யும் அரசுக்கும், கரையில் வாழும் மக்களுக்கும் இதன் விடை முக்கியமானது.

நீர்வழியின் எழுச்சியும் தளர்ச்சியும்

பார்வதி புத்தனார், பின்னர் உருவான திருவனந்தபுரம்–ஷொரணூர் கால்வாயின் ஓர் அங்கமாயிற்று. வடக்கே செல்வதற்குப் பெருந்தடையாக நின்றவை வர்க்கலைக் குன்றுகள். அவற்றைக் குடைந்து, ஏறத்தாழ 280 மீட்டரும் 720 மீட்டரும் நீளமுள்ள இரு சுரங்க நீர்வழிகள் அமைக்கப்பட்டன. 1880இல் இப்பணி நிறைவுற்றபின், தலைநகரிலிருந்து கடினங்குளம், அஞ்சுதெங்கு, நடயறை, பரவூர்க் காயல்களைக் கடந்து கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலை அடையவும், அங்கிருந்து ஆலப்புழைக்கும் அப்பாலும் செல்லவும் வழி பிறந்தது.

1918இல் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு இரயில் வந்தது. பின்னர் சாலைகள் பெருகின. பல நாள் எடுத்த பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியபோது, சரக்கும் பயணிகளும் நீரை விட்டு அகன்றனர். பராமரிப்புக் குறைந்தது, மண் படிந்தது, ஆகாயத்தாமரை மண்டியது, நகரக் கழிவுகள் வந்து கலந்தன, தாழ்வான பாலங்கள் குறுக்கே எழுந்தன. 1993இல் தேசிய நீர்வழி எண் 3 அறிவிக்கப்பட்டபோது, சம்பக்கரை, உத்யோகமண்டல் கால்வாய்கள் உட்பட 205 கிலோமீட்டர் கொண்ட அவ்வழி கொல்லத்தில் தொடங்கிக் கோட்டப்புரத்தில் முடிந்தது. 2016இல் அது வடக்கே கோழிக்கோடு வரை நீட்டிக்கப்பட்டது. கொல்லத்திற்குத் தெற்கே, கழக்கூட்டத்தைத் தொட்டுச் செல்லும் பகுதி அதில் இடம்பெறவில்லை.

தமிழகத்திற்கும் இதில் ஒரு பங்குண்டு. திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியுடன் நீரால் இணைக்கும் நோக்கில் 1860இல் தொடங்கப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் முழுமை பெறாமல் நின்றது. அதன் ஒரு பகுதியான பூவாறு–இரயுமன்துறை வழி, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய நீர்வழி எண் 13 ஆயிற்று.

தெரிந்த பாதையின் வலிமை

படகுப் பயணத்தில் முதன்முறையாக ஈடுபடும் குடும்பம் சில எளிய கேள்விகளையே கேட்கும். எங்கே ஏறுவது? எப்போது திரும்புவது? கரை கண்ணுக்குத் தெரியுமா? குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஒத்துக்கொள்ளுமா? தெரிந்த கடலோரப் பாதை இக்கேள்விகளுக்கு முன்கூட்டியே விடையளித்துவிடுகிறது. பெயர் கேட்ட ஊர்கள், குறுகிய தொலைவு, இடையில் இறங்கிப் பேருந்திலோ இரயிலிலோ வீடு திரும்பும் வாய்ப்பு ஆகியவை அச்சத்தைக் குறைக்கின்றன. விளம்பரச் செலவும் குறைகிறது.

உலகில் இதற்குத் தலைசிறந்த சான்று நார்வே நாட்டின் கடலோரக் கப்பல் வழியாகும். 1893இல் தபாலும் சரக்கும் ஏற்றிச் செல்லத் தொடங்கப்பட்ட அவ்வழி, பிற்காலத்தில் பெர்கன் முதல் கிர்க்கெனெஸ் வரை 34 துறைகளைத் தொடும் புகழ்பெற்ற சுற்றுலாப் பயணமாக வளர்ந்தது. ஆயினும் கரையோர மக்கள் ஒரு துறையில் ஏறி அடுத்த துறையில் இறங்கும் வழக்கம் கைவிடப்படவில்லை. அன்றாடப் போக்குவரத்து கப்பலுக்கு ஒழுங்கான கால அட்டவணையைத் தந்தது. சுற்றுலாப் பயணி அதற்கு மேல் வருவாயைத் தந்தார்.

நம் நாட்டிலும் இதன் சிறு வடிவம் உண்டு. 1968இல் அமைக்கப்பட்ட கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை, உள்ளூர் மக்களுக்கான படகுகளை இயக்குவதோடு, கொல்லத்திற்கும் ஆலப்புழைக்கும் இடையே ஏறத்தாழ எட்டு மணி நேரம் எடுக்கும் சுற்றுலாப் படகையும் நடத்தி வந்துள்ளது. இரயிலில் இதே தொலைவை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடலாம். எனினும் மக்கள் ஏறுகின்றனர். அவர்கள் விலை கொடுப்பது தொலைவைக் கடப்பதற்கன்று. அந்த எட்டு மணி நேரத்திற்கே என்பது பொருளியல் நோக்கில் கருதத்தக்கது.

தெரிந்த பாதைக்கு ஒரு குறையும் உண்டு. ஒருமுறை கண்டவர் மறுமுறை வருவதற்குக் காரணம் வேண்டும். தென்னை வரிசையும், சீன வலையும், நீர்க்காகமும் முதல் ஒரு மணி நேரத்தில் தரும் மகிழ்ச்சி, நான்காம் மணியில் குறையத் தொடங்குகிறது. பாதை ஒன்றேயாயின், போட்டியிடும் படகுகள் கட்டணத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழி காணா. கட்டணம் குறைந்தால் பராமரிப்பும் பாதுகாப்பும் பாதிக்கப்படும்.

கருத்தை மையமாகக் கொண்ட பயணங்கள்

இந்நிலையில்தான், ஒரு வழிபாடு, ஒரு கலை, ஓர் உணவு முறை, ஓர் இயற்கைச் செல்வம் ஆகியவற்றுள் ஒன்றை மையமாகக் கொண்ட பயணங்கள் சிந்திக்கப்படுகின்றன. மைய அரசின் சுற்றுலா அமைச்சகம் 2018இல் சுதேச தரிசனத் திட்டத்தின் கீழ், வட கேரளத்தின் மலநாடு–மலபார் படகுச் சுற்றுலாவிற்கு ரூ. 80.37 கோடி ஒப்பளித்தது. கண்ணூர் மாவட்டத்தின் வளபட்டணம், குப்பம் ஆறுகளில், முத்தப்பன் வழிபாடும் மலபார் உணவும், தெய்யம் ஆட்டமும், அலையாத்திக் காடுகளும் தனித்தனிப் பயணங்களின் மையக் கருத்துகளாக வகுக்கப்பட்டன.

இவற்றுள் ஒன்று கவனிக்கத்தக்கது. வளபட்டணம் ஆற்றங்கரையிலுள்ள பறசினிக்கடவு முத்தப்பன் கோயிலுக்கு மக்கள் முன்பிருந்தே பெருந்திரளாக வந்து கொண்டிருந்தனர். திட்டம் புதிதாக ஒரு விருப்பத்தைத் தோற்றுவிக்கவில்லை. இருந்த விருப்பத்தை நீர்மேல் கொண்டுவர முனைந்தது. கருத்து வேரூன்றிய இடத்தில் படகு இரண்டாவதாக வந்து சேர்கிறது என்பதே இதன் பாடம்.

வேறொரு வகையும் உண்டு. கேரள அரசு நிறுவனம் ஒன்று 2018இல் கொச்சியில் இயக்கத் தொடங்கிய 'நெஃபர்ட்டிட்டி' என்னும் கப்பல், 200 பேரை ஏற்றிக் கடலுக்குள் சென்று வரக்கூடியது. எகிப்து அரசியின் பெயரும் அந்நாட்டுப் பாணி அலங்காரமும் கொண்டது. விருந்துகளுக்கும் கூட்டங்களுக்கும் இத்தகைய கப்பல் ஏற்றதாகலாம். ஆயினும் அலங்காரத்தைப் பிறர் எளிதில் பின்பற்றிவிட முடியும். ஓர் ஆற்றங்கரையில் வாழும் வழிபாட்டையோ உணவையோ வேறிடத்தில் அமைக்க முடியாது. முதலீட்டிற்கு நீடித்த பயன் தருவது எது என்பதை இவ்வேறுபாடு உணர்த்தும்.

கழக்கூட்டம் வழியில் கிடைக்கும் செல்வம்

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால், கழக்கூட்டத்தைத் தொட்டுச் செல்லும் நீர்வழிக்கு வெளியிலிருந்து கருத்தை இரவல் வாங்க வேண்டிய தேவையில்லை. வேளிக்கும் கடினங்குளத்திற்கும் இடைப்பட்ட கடற்கரையில்தான் தும்பா உள்ளது. 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டு மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது இங்கேதான். விஞ்ஞானிகளுக்கு அலுவலகமாகப் பயன்பட்ட புனித மரிய மகதலேனா ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. பள்ளி மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த ஒருநாள் பயணம் அமைவது அரிது.

சற்று உள்நாட்டில், 1856இல் ஸ்ரீ நாராயண குரு பிறந்த செம்பழந்தி உள்ளது. வடக்கே நீர்வழியை ஒட்டி, அவர் 1928இல் சமாதியடைந்த வர்க்கலை சிவகிரி அமைந்திருக்கிறது. ஆண்டின் இறுதி நாள்களில் நடைபெறும் சிவகிரி யாத்திரை பெருங்கூட்டத்தை ஈர்ப்பது. இடையே அஞ்சுதெங்கில், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் கம்பெனி எழுப்பிய கோட்டை நிற்கிறது. 1721இல் அக்கம்பெனியை எதிர்த்து ஆற்றிங்கலில் மூண்ட கிளர்ச்சியின் வரலாறும் இதனோடு பிணைந்தது.

அக்கோட்டைக்கு அருகிலுள்ள காயிக்கரையில் 1873இல் பிறந்தவர் கவிஞர் குமாரன் ஆசான். அவர் வாழ்ந்த தோன்னக்கல் கழக்கூட்டத்திற்கு வடக்கே, நெடுஞ்சாலையை ஒட்டி உள்ளது. அங்கே அவர் நினைவகமும் உண்டு. கொல்லத்திலிருந்து ஆலப்புழை நோக்கிச் சென்ற 'ரிடீமர்' என்னும் படகு 1924 ஜனவரி 16 அன்று பல்லனையில் கவிழ்ந்தபோது அவர் உயிரிழந்தார். கவிஞர் பிறந்த ஊரையும் மறைந்த இடத்தையும் ஒரே நீர்வழித் தொடர் இணைக்கிறது. மலையாள இலக்கிய அன்பர்க்கு இப்பாதை வெறும் காட்சியாக இராது.

பாதுகாப்பே முதல் மூலதனம்

ஆசானின் முடிவு இலக்கியச் செய்தி மட்டுமன்று. இன்றைய திட்டமிடுவோருக்கு ஓர் எச்சரிக்கையுமாகும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேரும், 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் மற்றொரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேரும் மாண்டனர். தானூரில் இறந்தோருள் குழந்தைகள் பலர். அளவுக்கு மீறி ஆள்களை ஏற்றியது அங்கு முக்கிய காரணமாயிற்று. கருத்து எவ்வளவு கவர்ச்சியாயினும், பாதை எவ்வளவு பழகியதாயினும், ஒரு விபத்து பல ஆண்டு நம்பிக்கையை ஒரே நாளில் அழித்துவிடும். 2021ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்வழிக் கலங்கள் சட்டம் பதிவு, ஆய்வு, உயிர்காப்புச் சாதனங்கள் ஆகியவற்றுக்கு நாடு தழுவிய ஒரே ஒழுங்கை வகுத்தது. அது துறைதோறும் நடைமுறையில் காணப்படுவதே தேவை.

செலவும் வரவும்

படகுத் தொழிலில் பெரும்பகுதி நிலையான செலவாகும். பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் ஊழியர் ஊதியமும், கடன் வட்டியும், பராமரிப்பும் கொடுத்தே தீர வேண்டும். இன்று காலியாகச் சென்ற இருக்கையை நாளை விற்க இயலாது. மழைக்காலமோ வருவாயைக் குறைக்கும். ஆகவே ஆண்டு முழுவதும் ஓரளவு நிரம்பும் படகே நிலைக்கும். தெரிந்த பாதையில் அன்றாடம் ஓடும் சேவை இவ்வடிப்படையைத் தருகிறது. மாணவர் பயணம், யாத்திரை, இலக்கியப் பயணம் போன்றவை குறிப்பிட்ட நாள்களில் கூடுதல் கட்டணத்தைப் பெற்றுத் தருகின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்குபவை. டெக்னோபார்க்கில் பணிபுரியும் பல்லாயிரவர் வார இறுதியில் அரைநாள் பயணத்திற்கு அருகிலேயே கிடைக்கும் வாடிக்கையாளர் என்பதையும் மறத்தல் ஆகாது.

கடற்பயணத்திற்கும் இது பொருந்தும். 2021இல் மும்பையிலிருந்து உள்நாட்டு உல்லாசக் கப்பல்கள் புதிதாக இயங்கத் தொடங்கியபோது, கோவா, கொச்சி, இலட்சத்தீவு என்னும் பெயர் அறிந்த இடங்களே பயண வழியில் இடம்பெற்றன. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பல் புறப்பட்டபோதும் அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய அறிந்த துறைகளே தேர்ந்தெடுக்கப்பட்டன. 2029ஆம் ஆண்டுக்குள் உல்லாசக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இருமடங்காக்கும் நோக்குடன் 2024 செப்டம்பரில் மைய அரசு தனி இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. இவ்வளர்ச்சியின் பயன் பெரும் துறைமுகங்களோடு நின்றுவிடாமல் சிறு காயல்களையும் எட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, நீர் தூய்மையடைய வேண்டும். நாற்றமடிக்கும் கால்வாயில் எந்தக் கருத்தும் பயணியை இரண்டாம் முறை அழைத்து வராது. கழிவு நீரைத் தடுப்பது சுற்றுலாச் செலவன்று; கரையோர மக்களின் சுகாதாரச் செலவு. இரண்டாவது, தூர்வாருதலும் கரை அகலப்படுத்துதலும் குடியிருப்புகளைத் தொடும் இடங்களில், அக்குடும்பங்களின் மறுவாழ்வு படகு ஓடுவதற்கு முன்பே முடிய வேண்டும். மூன்றாவது, உள்ளூர்ப் பயணிகளுக்குக் குறைந்த கட்டணச் சேவை அதே பாதையில் இருத்தல் வேண்டும். நான்காவது, உணவு, கைவினை, வழிகாட்டுதல் ஆகியவற்றில் மீனவர் குடும்பங்களுக்கும் கயிறு திரிப்போர்க்கும் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களுக்கும் வாய்ப்பளித்தல் வேண்டும். சுற்றுலாவின் பணம் ஊரிலேயே சுழன்றால்தான் அதன் வளர்ச்சிப் பயன் முழுமை பெறும்.

தெரிந்த பாதை பயணியைப் படகில் ஏற்றுகிறது. பொருளுள்ள கருத்து அவரை மீண்டும் அழைத்து வருகிறது. பாதுகாப்பும் தூய்மையும் இரண்டையும் நிலைநிறுத்துகின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அரசின் தொலைநோக்கால் வெட்டப்பட்ட பார்வதி புத்தனார், மக்களின் உழைப்பால் ஊர்களை இணைத்தது. அது மீண்டும் ஊர்களை இணைக்குமாயின், வந்து செல்லும் விருந்தினர்க்கு மட்டுமன்றிக் கரையில் நிலையாக வாழ்வோர்க்கும் அது வளர்ச்சிப் பாதையாக அமையும்.