எழுதிய சொல்லும் எழுதாத சொல்லும்

வெற்றிலை காய்கறியாகுமா? வேடிக்கையாகத் தோன்றும் இவ்வினாவுக்கு நம் நாட்டின் உச்ச நீதிமன்றமே 1961ஆம் ஆண்டில் விடை கூற வேண்டியதாயிற்று.

அகோலா நகரில் வெற்றிலை வாணிகம் செய்த ஒருவர் விற்பனை வரியை எதிர்த்து வழக்காடினார். காய்கறிக்கு வரிவிலக்கு உண்டு; சட்டத்திலுள்ள 'வெஜிடபிள்' என்னும் ஆங்கிலச் சொல் அகராதிப்படி தாவரம் அனைத்தையும் குறிக்கும்; வெற்றிலையும் தாவரமே என்பது அவர் தரப்பு வாதம். நீதிபதிகள் அதனை ஏற்கவில்லை. அன்றாடப் பொருளைக் குறிக்கும் சொல்லைத் தாவர நூலார் கொள்ளும் பொருளில் அன்றி, மக்கள் வழங்கும் பொருளிலேயே கொள்ள வேண்டும் என்றனர். தோட்டத்தில் விளைந்து உணவுக்குப் பயன்படுவதையே மக்கள் காய்கறி என்கின்றனர். மேலும், விலக்குப் பட்டியலில் முதலில் காய்கறியும் வெற்றிலையும் தனித்தனியே இடம்பெற்றிருந்தன. 1948இல் வெற்றிலை நீக்கப்பட்டது. நீக்கிய சொல்லை மற்றொரு சொல்லுக்குள் மீண்டும் புகுத்துவது எங்ஙனம்?

சட்டம் எல்லார்க்கும் பொது. ஆதலின் மக்கள் வழக்கே அங்கு அளவுகோலாயிற்று. உயிலோ ஒருவர் தம் குடும்பத்தாருக்கு விட்டுச்செல்லும் சொல். அவர் கருதியது யாது என்பதையே நீதிமன்றம் தேடுகிறது. ஆனால் கேட்டறிய அவர் உயிரோடு இல்லை. எழுத்து ஒன்றே எஞ்சி நிற்கிறது.

கிறிஸ்தவர்களாகிய நம் உயில்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயிலில் சட்டச் சொற்கள் வேண்டுவதில்லை, கருத்து விளங்கினால் போதும் என்று அது கூறுகிறது. அச்சட்டமே தரும் எடுத்துக்காட்டு ஒன்று நம் இல்லங்களுக்கு மிகவும் ஏற்றது. ஒருவருக்கு மேரி என்னும் பெயருடைய ஒன்றுவிட்ட சகோதரியர் இருவர். "என் சகோதரி மேரிக்கு" என்று அவர் எழுதிவிட்டால், எந்த மேரியைக் கருதினார் என்பதற்குச் சாட்சியம் கேட்கலாம். ஆனால், பணத்தைக் குறித்துவிட்டுப் பெறுபவர் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தால், அவர் எண்ணிய பெயர் இன்னதென்று எவரும் சாட்சி சொல்ல இயலாது. எழுதிய சொல்லுக்கு நீதிமன்றம் பொருள் காணும். எழுதாத சொல்லை அது எழுதித் தராது.

நம் உறவுச் சொற்களிலும் கவனம் வேண்டும். 'மருமகன்' என்பது மகளின் கணவரையும் குறிக்கும், உடன்பிறந்தாள் மகனையும் குறிக்கும். அண்ணன் தம்பி மக்களையும் நாம் அன்போடு 'என் பிள்ளைகள்' என்கிறோம். உயிலில் அச்சொல்லோ முதல் தலைமுறை வழித்தோன்றல்களை மட்டுமே குறிக்கும். பேரப்பிள்ளைகள்கூட அதில் அடங்கார்.

ஆகவே உயில் எழுதும்போது ஒவ்வொருவரின் முழுப்பெயரையும், தந்தை பெயரையும், உறவையும் தெளிவாகக் குறிப்போம். நிலத்துக்குச் சர்வே எண்ணையும் எல்லைகளையும் எழுதுவோம். இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக ஒப்பமிட்டால், அவருக்கு எழுதிய பங்கு செல்லாது போகும். இறுதியில், குடும்பத்தை அறியாத ஒருவரிடம் அதனைப் படிக்கக் கொடுப்போம். யாருக்கு எது என்பது அவருக்குப் புரிந்தால், நீதிபதிக்கும் புரியும்.

சொத்தைப் பங்கிட எழுதும் ஏடு உடன்பிறந்தாரைப் பிரிக்கும் ஏடாகிவிடலாகாது அன்றோ?