சுவரை மூடும் முன் கேட்க வேண்டியவை

அம்மா எங்களோடு வந்து தங்குவது என்று முடிவானதும் முதலில் எழுந்த கேள்வி, எந்த அறையில் என்பதுதான். எங்களுடையது நான்கறை வீவக வீடு. ஓர் அறை எங்களுக்கு, ஒன்று மகனுக்கு, ஒன்று மகளுக்கு. இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து, நடைச்சட்டத்தின் உதவியோடு நடக்கும் அம்மாவைக் கூடத்துச் சோபாவில் படுக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சாப்பாட்டு மேசை இருந்த மூலையில் ஒரு சன்னல் உண்டு. நடுவே ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால் வெளிச்சமும் காற்றும் உள்ள சிறு அறை கிடைக்கும். செங்கல் வேண்டாம், ஜிப்சம் பலகை போதும் என்று தீர்மானித்தோம். எடை குறைவு, தூசி குறைவு, பின்னாளில் வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம்.

வீவகவின் பதிவுபெற்ற குத்தகையாளர் பட்டியலில் இருக்கும் மூவரிடம் கொட்டேஷன் கேட்டோம். எந்தப் பணிக்கு அனுமதி தேவை என்பதையும் வீவகவிடம் முதலிலேயே பார்த்துக்கொண்டோம். முதலாமவர் சதுர அடிக்கு 7 வெள்ளி என்றார். இரண்டாமவர் 13 வெள்ளி. மூன்றாமவர் அடிக்கணக்கே சொல்லாமல், மொத்தம் 2,400 வெள்ளி என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது தாளை என் கணவர் அப்போதே மடித்து ஓரமாக வைத்துவிட்டார்.

ஒரு பக்கமா, இரு பக்கமா?

அன்றிரவு நானே அளவுநாடாவை எடுத்தேன். சுவரின் நீளம் 10 அடி, உயரம் எட்டரை அடி. பெருக்கினால் 85 சதுர அடி. இரண்டாமவரின் கணக்கில் 1,105 வெள்ளி. முதலாமவருக்கு 595 வெள்ளிதான் வரவேண்டும். ஆனால் அவர் தாளில் 1,190 என்று இருந்தது. தொலைபேசியில் கேட்டேன். “சுவருக்கு ரெண்டு பக்கம் இருக்கே, மேடம்” என்றார். அவர் பலகையின் பரப்பை அளந்திருக்கிறார். இரண்டு பக்கமும் சேர்த்து 170 சதுர அடி. மலிவாகத் தெரிந்த 7 வெள்ளி, உண்மையில் 13 வெள்ளியைவிட 85 வெள்ளி கூடுதல்.

ஆகவே முதல் கேள்வி இது: உங்கள் சதுர அடி ஒரு பக்கத்துக்கா, இரு பக்கத்துக்குமா? கதவு வரும் இடத்தைக் கழித்தீர்களா என்பதையும் கூடவே கேளுங்கள். பலரும் கழிப்பதில்லை.

பலகைக்கு அப்பால்

பொதுவாகக் கிடைக்கும் ஜிப்சம் பலகை 4 அடிக்கு 8 அடி, அதாவது 32 சதுர அடி. எங்கள் சுவருக்கு ஆறு பலகை போதும், வெட்டும்போது உடைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொன்று. ஆனால் பலகையின் உயரம் 8 அடிதான். மேலே அரை அடி மிச்சம். அங்கே துண்டு வைத்து ஒட்ட வேண்டும், அதாவது இன்னொரு இணைப்பு. இணைப்புகளில் நாடா ஒட்டி, பட்டி பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். பூச்சு காய ஒருநாள் ஆகலாம். செலவில் ஒரு பங்கு இந்தக் கைவேலைக்கு. இதைச் சரியாகச் செய்யாவிட்டால், சாயம் அடித்த பிறகு மாலை வெயிலில் ஒவ்வொரு கோடும் தெரியும்.

இரண்டாமவரின் 1,105 வெள்ளியில் எவையெல்லாம் அடங்கவில்லை என்று வரிசையாகக் கேட்டேன். கதவும் நிலையும் 450. பட்டியும் சாயமும் 300. இரண்டு மின்செருகு முனைகளும் ஒரு விளக்குச் சுவிட்சும் 250. இதை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்யவேண்டும். குப்பை அகற்ற 150. மொத்தம் 2,255. அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்த்தால் ஏறக்குறைய 2,458 வெள்ளி. மடித்து வைத்த மூன்றாவது தாளைப் பிரித்துப் பார்த்தால், இவை அத்தனையும், வரியும் சேர்ந்தே 2,400. (இவை எங்கள் வீட்டுக்குக் கிடைத்த விலைகள். உங்கள் வீட்டுக்கு மாறும். கேள்விகள் மாறா.)

அவர் கேட்ட கேள்வி

மூன்றாமவரை மறுபடி அழைத்தோம். அன்று அம்மாவும் வீட்டில் இருந்தார். “இந்தச் சுவத்துல என்ன மாட்டப் போறீங்க?” என்று அவர் கேட்டார். மற்ற இருவரும் இதைக் கேட்கவில்லை. “சாமி படம்தான் தம்பி” என்றார் அம்மா. அவர் நடைச்சட்டத்தைப் பார்த்தார். “அம்மா, கட்டில்லேருந்து எழும்பும்போது எதைப் பிடிப்பீங்க?”

“செவுத்தைத்தான்” என்று அம்மா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜிப்சம் சுவரின் உள்ளே வெற்றிடம். இரண்டடிக்கு ஒன்றாக மெல்லிய உலோகச் சட்டங்கள், அவ்வளவுதான். படம் தொங்கும், ஓர் ஆள் தன் எடையைப் போட்டு இழுக்கும் கைப்பிடி வெறும் பலகையில் நிற்காது. அதற்குச் சட்டங்களுக்கு இடையே, கைப்பிடி வரும் உயரத்தில், தடித்த பிளைவுட் பலகையை முன்கூட்டியே பொருத்த வேண்டும். சுவர் திறந்திருக்கும்போது இதற்கு அவர் கேட்டது கூடுதலாக 120 வெள்ளி. மூடிய பிறகு என்றால் வெட்டி, பொருத்தி, மறுபடி பட்டி, மறுபடி சாயம். அதற்கும் முன்னால், அம்மா ஒருமுறை விழுந்திருக்கக்கூடும்.

அவரிடமே வேலையைக் கொடுத்தோம். தொலைக்காட்சி, அலமாரி, கைப்பிடி என எடை தாங்க வேண்டிய ஒவ்வோர் இடத்தையும் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்தோம். பலகையின் அடி விளிம்பு தரையைத் தொடாமல் சிறிது இடைவெளி விட்டு, மேலே ஓரப்பட்டை வைக்கச் சொன்னோம். தினமும் தரை துடைக்கும் வீட்டில் ஜிப்சம் தண்ணீரை உறிஞ்சிவிடும். அம்மாவின் தூக்கத்துக்காக நடுவே கல்பஞ்சும் அடைத்தோம். மறுபக்கப் பலகையை மூடும் முன் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். எந்தச் சட்டம் எங்கே, மின்கம்பி எங்கே என்பது இன்று என் கைபேசியில் இருக்கிறது. பணத்தையும் மொத்தமாகக் கொடுக்கவில்லை. சட்டம் நின்றதும் ஒரு பகுதி, பலகை மூடியதும் ஒரு பகுதி, சாயம் காய்ந்து சரிபார்த்த பிறகு மீதி.

அம்மா வந்து இரண்டு மாதமாகிறது. விடியற்காலையில் அந்த அறையில் விளக்கு எரியும். கைப்பிடியில் அவர் மோதிரம் உரசும் சத்தம் கேட்கும். பிறகு நடைச்சட்டம் நகரும் சத்தம். நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.