மேப்பிள் இலையும் மல்லிக் கோப்பியும்

"இஞ்ச பாருங்கோ பிள்ளை, காடு நெருப்புப் பிடிச்ச மாதிரி!"

ஓர் ஐப்பசி மாதத்தில், முல்லைத்தீவுப் பக்கம் நான் வழக்கமாகச் சந்திக்கும் அக்கா ஒருவர் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். கனடாவில் வாழும் மகள் அனுப்பிய படங்கள். ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவில் மேப்பிள் மரங்கள் சிவப்பும் செம்மஞ்சளுமாக நின்றன. செப்டெம்பர் கடைசியிலிருந்து இந்த நிறங்களைப் பார்க்கவென்றே சனங்கள் அங்கு போவார்கள்.

பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் மரம் பச்சையம் உண்டாக்குவதைக் குறைத்து நிறுத்திவிடுகிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் அப்போது வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு மரம் அதைப் புதிதாகச் செய்கிறது. இதைச் சொன்னதும் அக்கா, "விழப்போற இலைக்கு இவ்வளவு சோடினையோ!" என்றார்.

இன்னொரு படத்தில் மகளின் கையில் ஆவி பறக்கும் கோப்பை. இலையுதிர்காலம் அங்கே அப்பிள் பறிக்கும் காலம். அப்பிள் சாற்றில் கறுவாவும் கராம்பும் போட்டுச் சூடாக்கிக் குடிப்பார்கள். (அங்குள்ள கடைகளில் தடித்த பட்டையாகக் கிடைப்பது பெரும்பாலும் வேறு இனம். மெல்லிய சுருளாக இருப்பதே எங்கள் நாட்டுக் கறுவா.)

படங்களின் கீழே ஒரு வரி: "அம்மா, உங்கட படம் ஒண்டு அனுப்புங்கோ."

அதுதான் அக்காவால் முடியாதது. 2009 இல் இடம்பெயர்ந்தபோது வீட்டுப் படங்கள் எல்லாம் போயின. "அதுக்குப் பிறகு என்னைப் படமெடுத்தது பதிவுக்குத்தான். நேர பார், சிரிக்காத எண்டு சொல்லுவினம்." மகளோடு வீடியோவில் கதைக்கும்போதும் கமராவை முற்றத்துப் பக்கம் திருப்பிவிடுவார்.

பல்கலைக்கழகத்தில் ஓய்வு நேரத்தின் சமூகவியல் என்று பக்கம் பக்கமாகப் படித்தேன். தனியே குடும்பத்தைச் சுமக்கும் ஒரு பெண் பத்து நிமிடம் சும்மா இருந்து மழையைப் பார்ப்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. நான் அவரை வற்புறுத்தவில்லை. "மகள் தன்ர காலத்தை அனுப்பியிருக்கிறா. நீங்கள் எங்கட மாரியை அனுப்புங்கோ" என்றேன்.

வடக்கில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரையில்தான் பெய்கிறது. படமெடுக்க நல்ல காலமும் அதுதான். முகில் மூடிய நாளில் வெளிச்சம் மென்மையாக இருக்கும். கரிய நிழல் விழாது. மழை விட்ட கையோடு நனைந்த இலையும் மண்ணும் கடும் நிறம் காட்டும். பழைய பருத்தித் துணியால் கமராக் கண்ணாடியைத் துடையுங்கள். பிளாஷை அணைத்துவிட்டு, எடுக்கும் பொருளைத் திரையில் ஒருமுறை தொட்டு எடுங்கள். சிறிய பொருளென்றால் நின்றபடி எடுக்காமல் குந்தியிருந்து எடுங்கள்.

அக்கா முதலில் எடுத்தது தம்பளப்பூச்சியை. முதல் மழைக்கு மண்ணிலிருந்து வரும் அந்தச் சிவப்பு வெல்வெட் பூச்சிதான். மூன்று படங்கள் கலங்கிப் போயின. நாலாவதில் மேப்பிள் இலைக்குச் சளைக்காத சிவப்பு!

கூதல் கூடிய ஒரு பின்னேரம் மல்லிக் கோப்பி போட்டார். ஒரு கைபிடி மல்லி, கொஞ்சம் நற்சீரகம், ஏழெட்டு மிளகு. வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, ஒரு துண்டு வேர்க்கொம்பும் சேர்த்து இடித்தார். அந்தத் தூளில் கொஞ்சத்தைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இருவரும் திண்ணையில் இருந்து குடித்தோம். பீலியால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

ஆவி பறக்கும் பேணியை எடுக்க ஆசைப்பட்டார். ஆவி தெரிய வேண்டுமென்றால் பின்னால் இருட்டாக இருக்க வேண்டும் என்றேன். கதவுப் பக்கம் ஒரு கையால் பேணியைப் பிடித்து, மறு கையால் எடுத்தார். படத்தில் அவருடைய கையும் விழுந்திருந்தது. காய்த்துப்போன விரல்கள், ஒற்றைக் காப்பு. கன நேரம் பார்த்தார். அழிக்காமல் அனுப்பினார்.

மகளிடமிருந்து உடனே பதில் வந்தது: "அம்மா, எத்தினை மிளகு போட்டனீங்கள்?" அதன் கீழே இன்னொன்று: "கையில என்ன, சூடு பட்டதோ?"

"முகத்தை எப்ப அனுப்பப் போறியள், அக்கா?" என்று கேட்டேன்.

"மழை விடட்டும் பிள்ளை" என்றார்.