வீட்டிலேயே பேரீச்சம்பழ ரொட்டி

ரமளானில் வீட்டிலிருந்தே ரொட்டி செய்து விற்கலாமா என்று சகோதரிகள் பலர் கேட்கிறார்கள். விற்கலாம். ஆனால் ஒரு முறை மாவு கெட்டால் அன்றைய லாபமும் கூடவே போய்விடும். அதனால் முதலில் வீட்டுக்காக நாலைந்து தடவை செய்து, கை பழகிய பிறகு விற்பனையில் இறங்குவது நல்லது.

மைதா அரைக் கிலோ, சர்க்கரை 50 கிராம், வெண்ணெய் 50 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், உலர் ஈஸ்ட் 7 கிராம், பால் சுமார் 300 மி.லி. பழத்துக்குக் கொட்டை நீக்கி நறுக்கிய பேரீச்சம்பழம் 100 கிராமும் கிஸ்மிஸ் 50 கிராமும் போதும். நோன்போடு பிசையும்போது வாயில் வைத்துப் பார்க்கத் தயங்குவோம். எனவே உப்பையும் சர்க்கரையையும் அளந்தே போடுங்கள்.

பால் விரலுக்கு இளஞ்சூடாக இருக்க வேண்டும். கொதித்த பாலை அப்படியே ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். பிறகு எத்தனை மணி நேரம் வைத்தாலும் மாவு எழும்பாது. நிறையப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். அடுத்த தவறு இனிப்பு. சர்க்கரை கூடினால் அது ஈஸ்டுக்கு வேண்டிய நீரை இழுத்துக்கொள்ளும், மாவு மந்தமாகும். இனிப்பு போதவில்லை என்று தோன்றினால் பழத்தைச் சற்றுக் கூட்டுங்கள், சர்க்கரையைக் கூட்ட வேண்டாம். பட்டைத் தூளும் அதிகமானால் ஈஸ்டை அடக்கும். நம் வீடுகளில் ஏலக்காய்தான் இருக்கிறதே, அதுவே மணக்கும்.

கிஸ்மிஸை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, துணியில் ஒற்றி எடுங்கள். காய்ந்தபடியே போட்டால் ரொட்டியின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். பேரீச்சம்பழத்தைத் தொடக்கத்திலேயே சேர்த்துப் பிசைந்தால் கூழாகிவிடும். மாவு ஒரு முறை இரட்டிப்பாக எழும்பிய பிறகு அதைத் தட்டி விரித்து, பழங்களைத் தூவிச் சுருட்டுங்கள். மேலே துருத்தி நிற்கும் பழம் கருகிக் கசக்கும், உள்ளே அழுத்திவிடுங்கள்.

நம் ஊர் வெயிலில் கடிகாரத்தை நம்ப வேண்டாம். சித்திரையில் முக்கால் மணியில் எழும்பும் மாவு, மார்கழியில் இரண்டு மணி நேரம் கேட்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாகத் திரும்ப வேண்டும். புளித்த வாடை வந்து மாவு தளர்ந்துவிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். லுஹர் தொழுதுவிட்டுப் பிசைந்தால், அஸருக்குப் பிறகு அடுப்பில் ஏற்றலாம், மக்ரிபுக்குள் ஆறிவிடும்.

இந்த மாவில் இரண்டு சிறிய ரொட்டி வரும். ஓவனில் 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் பெரிய குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு தாங்கி வைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடிப் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு, தட்டை உள்ளே வைத்துச் சிறுதீயில் முக்கால் மணி நேரம் வேகவிடலாம். மேற்புறம் ஓவனில் சிவப்பதுபோல் சிவக்காது, ருசியில் குறையிருக்காது. ஒன்று வேகும்போது மற்றதை ஃபிரிட்ஜில் வையுங்கள். வெந்ததை அடியில் தட்டினால் வெற்றுப் பானைபோல் ஒலிக்க வேண்டும். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

ஈஸ்ட் ஹலாலா என்ற கேள்வி எப்போதும் வரும். அது ஒரு நுண்ணுயிர், விலங்கிலிருந்து எடுப்பதல்ல. மாவில் உண்டாகும் சிறிதளவு ஆல்கஹால் பெரும்பாலும் சூட்டில் ஆவியாகிவிடும். அதற்கு மேல் மன உறுத்தல் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது வேறொன்று: கடையில் வாங்கும் ஊறவைத்த பழக்கலவைகள் சிலவற்றில் ரம் சேர்ப்பதுண்டு. பாக்கெட்டிலுள்ள பச்சைப் புள்ளி இறைச்சிப் பொருள் இல்லை என்று மட்டுமே சொல்லும், மதுவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சேர்மானப் பட்டியலைப் படித்துவிட்டே வாங்குங்கள்.

விற்கத் தொடங்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் பொருந்தும். ரொட்டியில் செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள். பழமும் பாலும் சேர்ந்த ரொட்டி வெயில் காலத்தில் வெளியே இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. மீந்ததைத் துண்டு போட்டு ஃபிரீஸரில் வைத்து, ஸஹருக்குத் தோசைக்கல்லில் சூடாக்கிக்கொள்ளலாம்.