கடல் வற்றிய நாளிலும் கடக்காத பூச்சி

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் மலபார் ரோஸ் என்றொரு வண்ணத்துப்பூச்சி உண்டு. கறுத்த இறக்கை, பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டு, சிவந்த உடம்பு. இலங்கையின் சிங்கராஜா காட்டில் பறக்கும் சிலோன் ரோஸ் இதன் பங்காளி. ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே இனமாகத்தான் கணக்கில் வைத்திருந்தார்கள். இன்று தனித்தனி இனங்கள். அது இங்கே இல்லை, இது அங்கே இல்லை.

கடல் பிரித்துவிட்டது என்பது பாதி பதில்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர், ஆழமும் குறைவு. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது அங்கே வெறும் தரைதான். அதற்கு முந்தைய பனிக்காலங்களிலும் இப்படிப் பலமுறை பாதை திறந்திருக்கிறது. ஆனாலும் ஈரக்காட்டு உயிர்கள் பெரிதாகக் கலக்கவில்லை. தவளை, பாம்பு, நன்னீர் நண்டு முதலியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு, 2004இல் பெல்ஜிய விஞ்ஞானி பிராங்கி போசைட் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் இதை நிறுவினார்கள்.

ஏன் கலக்கவில்லை என்பது சிவகாசிப் பக்கத்து ஆலங்குளத்தில் நின்று பார்த்தால் விளங்கும். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலை. கிழக்கே கரிசலும் முள்காடுமாக ராமநாதபுரம் கடற்கரை வரை வறண்ட சீமை. சிவகாசிப் பட்டாசுத் தொழிலுக்குக் கைகொடுத்த அதே வெயிலும் வறட்சியும் மலபார் ரோஸுக்கு ஆகாது. அதன் புழு தின்னும் செடி மழைக்காட்டு நிழலில் வளர்வது. கடல் விலகி வழிவிட்டபோதும் இந்தக் காய்ந்த நிலம் வழிவிடவில்லை.

அதே பேரினத்தின் கிரிம்சன் ரோஸின் கதை வேறு. சமவெளியில் கொடியாகப் படரும் ஆடுதின்னாப்பாலையும் அதன் புழுவுக்குத் தீனி. இலையின் நஞ்சு உடம்பில் சேர்வதால் பறவைகள் அதை அண்டுவதில்லை. பெருகும் காலத்தில் தனுஷ்கோடி வழியாகக் கடலையே தாண்டிப் போகும். வரத்துப்போக்கு நிற்காததால் இரு கரையிலும் ஒரே இனமாக நீடிக்கிறது.

வரத்துப்போக்கு நின்றுபோனால் அந்தந்த இடத்து மழையும் செடியும் எதிரியும் எதை வாழவிடுகின்றனவோ அந்தப் பண்பே அங்கே தங்கும். சிறு கூட்டத்தில் தற்செயலாக நேரும் மாற்றமும் நிலைத்துவிடும். இலங்கையில் உள்ள ஏறக்குறைய 250 வண்ணத்துப்பூச்சி இனங்களில் சுமார் 30 அந்தத் தீவுக்கே உரியவை.

இந்த மாற்றம் எப்போதும் ஆமை வேகத்தில்தான் நடக்கும் என்பதில்லை. பசிபிக் கடலின் சமோவா தீவுகளில், தமிழகத்திலும் பறக்கும் கிரேட் எக்ஃபிளை வண்ணத்துப்பூச்சியின் ஆண் கருக்களை ஓல்பாக்கியா என்ற பாக்டீரியா கொன்றுவந்தது. 2001இல் நூற்றுக்கு ஒன்றுதான் ஆண். பாக்டீரியாவை அடக்கும் மரபணு பரவியதும், சுமார் பத்தே தலைமுறையில், 2006இல் ஆண்கள் ஏறக்குறைய 40 சதவீதமாகிவிட்டன!

மலபார் ரோஸும் சிலோன் ரோஸும் நம்பியிருக்கும் காடுகள் தேயிலை, ரப்பர் தோட்டங்களால் துண்டுபட்டுவிட்டன. சிங்கராஜா 1988இலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்கள் 2012இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அந்த எல்லைகளுக்கு வெளியே, ஒரு காட்டுத் துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் நிழலும் ஈரமும் மிஞ்சியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மலைக்குள்ளேயே இந்தப் பூச்சிகள் ஒன்றையொன்று எட்ட முடியாது.